ஒன்பதாம் மேஜைக் கணினி

ஜனவரி 6, திங்கள்

காலையில் பொன்னுலிங்கம் போன் செய்தான். செய்தார் என்று எழுத வேண்டும். என்னிடம் படித்தவன் என்றாலும் இப்போது எங்கள் பாலிடெக்னிக்கின் முதல்வர். பிப்ரவரி 22-ல் நாற்பதாவது ஆண்டு விழாவாம். ஒரு அறையில் அந்தக் காலத்துக் கணினிகளை ஓடும் நிலையில் வைத்துக் காட்ட ஆசைப்படுகிறார். ஸ்டோர் ரூமில் 486 என்ற பழைய ரகத்தில் நான்கு கேபினெட்டுகள் கிடக்கின்றன, அவற்றைத் தொட உங்களை விட்டால் ஆள் கிடையாது மேடம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள் சரி என்றுவிட்டேன்.

உனக்கு எதுக்கு இந்த வேலை என்று வீட்டில் இவர் கேட்டார். ஓய்வு பெற்று நாலு வருஷம் சும்மாதானே இருக்கிறேன் என்றேன்.

அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். நாளைக்கு உப்புமாதான்.

ஜனவரி 9, வியாழன்

லோடு ஆட்டோவில் நான்கும் வந்து இறங்கின. பின்னறையில் பழைய போர்வையை விரித்து வரிசையாக வைத்திருக்கிறேன். வெள்ளையாக இருந்தவை, இப்போது டீத்தூள் வடிகட்டிய துணி நிறத்தில் இருக்கின்றன. முகப்பில் நான் ஒட்டிய மேஜை எண்கள் அப்படியே: 6, 7, 9, 10.

ஆறில் போர்டிலிருந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்துவிட்டது. அது தேறாது. பத்தில் பவர் சப்ளை போய்விட்டது. ஏழும் ஒன்பதும் வரும் என்று தோன்றுகிறது.

இரண்டிலும் முகப்பில் 66 என்ற எண் ஒளிர்ந்தது. பிராசசரின் வேகத்தை அது அளந்து சொல்வதாக மாணவர்கள் எல்லோரும் நம்புவார்கள். அது எதையும் அளப்பதில்லை. உள்ளே ஜம்பர் என்று சொல்லும் சின்னச் சின்னச் செருகிகளை எப்படிப் போடுகிறோமோ அந்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். எனக்கே அது வெகுநாள் தெரியாது. ஜாய்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜாய்சியைப் பற்றி இன்று வேண்டாம்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

மகன் பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினான். கரும்பை அங்கேயே வாங்கிக்கொண்டார்களாம். சாப்பிட்டுவிட்டு இவர் தூங்கிவிட்டார். தெருவும் தூங்கிவிட்டது. எனக்கு லேப் ஞாபகமாகவே இருந்தது.

1995-ல் லேப் திறந்தபோது பத்து மெஷின்கள். மாவட்டத்தில் அப்படி ஒரு அறை வேறு எங்கும் இல்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் ஏசிக் குளிரும், புது பிளாஸ்டிக் வாசமும், மெஷின்களுக்குப் போர்த்திய நீல உறைகளும். மாலையில் அந்தப் பத்து உறைகளையும் மடிப்புக் கலையாமல் போர்த்துவது எனக்குப் பிடித்த வேலை. நான் லேப் பொறுப்பாசிரியை. ஜாய்சி ராணி தற்காலிக டெக்னீஷியன், என்னைவிட எட்டு வயது இளையவள். அவளுடைய அண்ணன் தேவசகாயம் வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் வளர்ந்த பெண். ஸ்க்ரூ டிரைவரை நாம் பேனா பிடிப்பதுபோல் பிடிப்பாள்.

1997-ல் பாடத்திட்டம் மாறி விண்டோஸ் 95 போட்டோம். பத்தும் மூச்சு வாங்கின. காலையில் எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு, "யக்கா, இது தொறக்கதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்திருவோம்" என்பாள். உண்மையிலேயே குடித்துவிட்டு வருவோம். மத்தியானம் அவள் கொண்டுவரும் மீன்குழம்பில் எனக்குப் பங்கு கிடையாது, நான் சைவம். என் புளியோதரையில் அவளுக்குப் பாதி.

அந்த டிசம்பரில் சோதனையாக முதல் ஐந்து மெஷின்களுக்கு மட்டும் வேகமான பிராசசர் வாங்கினார்கள். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் செருக வேண்டியது, தலையில் சின்ன ஃபேன் வைத்தது. ஒரு சனிக்கிழமை ஜாய்சி பொருத்தினாள். என் வாட்சில் நான் நேரம் பார்த்தேன். முன்பு ஒன்றேகால் நிமிஷம் பிடித்த முதல் மெஷின் ஐம்பத்தாறு செகண்டில் திறந்தபோது என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். நான்கு முடிந்ததும் மகனுக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்தாவதை அவள் தனியாகப் பொருத்தினாள்.

புதன்கிழமை தணிக்கை. துறைத்தலைவர் ஐந்து மேஜைகளிலும் கேபினெட்டைத் திறந்து காட்டினார். ஐந்தாம் மேஜையில் பழைய பிராசசரே இருந்தது. புதியதைக் காணோம். ஜாய்சி, கழற்றிய பழையவை ஐந்தும் டப்பாவில் இருக்கின்றனவே, எண்ணிப் பாருங்கள் என்றாள். பழையது ஒன்று உன் அண்ணன் கடையில் கிடைக்காதா என்று அவர் கேட்டார். அன்று சாயங்காலமே அவரும் அலுவலக ஆட்கள் இரண்டு பேரும் தேவசகாயத்தின் கடைக்குப் போய், கடைத்தெரு பார்க்க எல்லாப் பெட்டிகளையும் இறக்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை. இருந்தும் பேர் கெட்டதுதான் மிச்சம்.

என்னை எழுதித் தரச் சொன்னார்கள். நான்கு பொருத்தியதைப் பார்த்தேன், ஐந்தாவதைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடந்தது அதுதான். ஜனவரியில் ஜாய்சிக்கு வேலையைப் புதுப்பிக்கவில்லை.

ஜனவரி 18, சனி

இரண்டும் ஓடுகின்றன. ஏழுக்குப் புது பேட்டரி, ஒன்பதுக்கு வேறு கேபிள். நீல வானமும் மேகமும் திரையில் வந்து, அந்தத் தொடக்க இசை பழைய ஸ்பீக்கரில் கரகரத்ததும் இவர் கூட பேப்பரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் நான் முப்பத்து நாலு வயதாக இருந்தேன்.

விழாவில் சொல்வதற்காக நேரம் எடுத்தேன். ஏழாம் மெஷின் விண்டோஸ் திறக்க எழுபத்தாறு செகண்ட். ஒன்பது ஐம்பத்தேழு. ஒரு பெரிய கணக்குத்தாளைத் திரும்பக் கணக்கிடச் சொன்னால் ஏழு நாற்பது செகண்ட், ஒன்பது பத்தொன்பது.

இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே பிராசசர், ஒரே மெமரி.

மெமரி ஏதாவது கூடுதலாக இருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

மெமரியை இடம் மாற்றிப் போட்டேன். ஒன்பதுதான் வேகம். ஹார்ட் டிஸ்க்குகளை மாற்றிப் போட்டேன். அப்போதும் ஒன்பதுதான். விண்டோஸ் திறப்பதில் வித்தியாசம் கொஞ்சம், கணக்கில் பாதிக்குப் பாதி. டிஸ்க்கிலிருந்து வாரிக்கொண்டு வரும் வேலையில் பிராசசர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் காத்துத்தான் கிடக்க வேண்டும். கணக்குப் போடுவது மட்டும் முழுக்க அதன் வேலை. ஆக வித்தியாசம் பிராசசரில்தான்.

மெமரியையும் டிஸ்க்கையும் மாற்றும்போது கேபினெட்டைத் திறந்துதான் மாற்றினேன். பிராசசர் இருக்கும் மூலை டிரைவ்களுக்கு அடியில் மறைந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

மெஷினைத் தொடவில்லை. பரண் சுத்தம் செய்தேன்.

ஜனவரி 27, திங்கள்

டிரைவ் கூட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்பதாம் மெஷினின் பிராசசர் மேல் சின்ன ஃபேன். தூசி அடைந்து கம்பளிபோல் இருந்தது. ஊதிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். சுற்றியது.

கேபினெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் துடைத்தேன். அங்கே இருப்புப் பதிவேட்டு எண்ணை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பேன், 1995-ல் என் கையால். முன்னால் 9. பின்னால் 5.

ஜாய்சி ஐந்தாவதையும் பொருத்தித்தான் இருக்கிறாள். கேபினெட் இடம் மாறியிருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். யார் மாத்தினது என்று கேட்டார். தெரியல என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கப்போகிறேன். அதிலும் பொய் எழுதினால் எப்படி.

மாற்றியது நான். தணிக்கைக்கு இரண்டு நாள் முன்னால், அந்தத் திங்கள்கிழமை மாடல் பிராக்டிகல். ஒன்பதாம் மேஜை மெஷினில் பிளாப்பி டிரைவ் வேலை செய்யவில்லை. ஐந்தாம் மேஜைக்கு யுபிஎஸ் இணைப்பு இல்லாமல் அது சும்மா கிடந்தது. நல்ல கேபினெட்டைச் சும்மா போட்டு வைப்பானேன் என்று ஐந்தைத் தூக்கி ஒன்பதிலும் ஒன்பதைத் தூக்கி ஐந்திலும் வைத்து, முகப்பு எண்களையும் மாற்றி ஒட்டினேன். ஜாய்சி அன்று லீவு. பதிவேட்டில் எழுதவில்லை. எழுத நினைத்து, தேர்வு அவசரத்தில் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. 1998 ஏப்ரலில் ஜாய்சியிடமிருந்து எனக்கு ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. தன் தெருவில் இருந்த ஒரு மாணவி, ஒன்பதாம் மேஜை மெஷின் மட்டும் சீக்கிரம் திறக்கிறது என்று சொன்னாளாம். "யக்கா, தயவுசெய்து அந்தக் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். வேறு யாரிடமும் கேட்க எனக்கு வழியில்லை" என்று எழுதியிருந்தாள்.

நான் திறந்து பார்க்கவில்லை. அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாவதற்கான கோப்பு மேலே போயிருந்தது. பதிவேட்டில் எழுதாமல் மெஷினை மாற்றினேன் என்று தெரிந்தால் கோப்பு திரும்பிவிடும் என்று பயந்தேன். திறக்காத வரை எனக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன். 2003-ல் மெஷின்களைக் கழித்துக் கட்டியபோது கூட ஏலத்துக்கு அனுப்பாமல் ஸ்டோரில் போடச் சொன்னது நான்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 8, சனி

பழைய மாணவர்களிடம் விசாரித்து ஜாய்சியின் நம்பர் வாங்கியிருந்தேன். போன் செய்யத் துணிவில்லாமல் நேரே வள்ளியூருக்குப் பஸ் ஏறினேன். ஜாய்சி அங்கே ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் வைத்திருக்கிறாள். தலை முக்கால் நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள். பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "வாங்க யக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு பெரியவருக்கு ஆதார் வேலையை முடித்து அனுப்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"நான் போட்ட லெட்டர் வந்துச்சா யக்கா?"

வந்தது என்றேன். கேபினெட்டைத் திறந்து பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். கேபினெட்டை மாற்றியது நான்தான் என்றும் சொன்னேன். அவள் மேஜையில் இருந்த தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள்.

"லெட்டர் வந்தப்பதான் ஒங்களுக்கு ஞாபகம் வந்துச்சா? இல்ல அன்னைக்கேவா?"

இந்த நோட்டில் கூட நான் எழுதாமல் வைத்திருந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கே. துறைத்தலைவர் அஞ்சாம் மேஜையில ஸ்க்ரூவக் கழத்தும்போதே ஞாபகம் வந்துட்டு. வாயத் தொறக்கல."

ஒருவர் ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். சில்லறை எண்ணிக் கொடுத்தாள். திரும்பி வந்து உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள்.

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு ஆகப்போகுது. நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்லா. எங்கண்ணனுக்குத்தான் தெரியாது."

கடையில் தேடுதல் நடந்த பிறகு ஆட்கள் வருவது நின்று, ஆறு மாதத்தில் தேவசகாயம் கடையை மூடிவிட்டாராம். எடுத்தியா இல்லையா என்று ஒரே ஒரு முறை தங்கையைக் கேட்டிருக்கிறார். இல்லை என்றாள். நம்பவில்லை. அம்மாவின் அடக்கத்தில் கூட இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் சாத்தான்குளத்தில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

"சொல்லணும்னா அவருட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். டீ சொல்லட்டுமா என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நடந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுதிப் பொன்னுலிங்கத்திடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். துறைத்தலைவர் இப்போது உயிரோடு இல்லை, தணிக்கைக்கு வந்தவர்கள் எங்கே என்றே தெரியாது, விழா நேரத்தில் இது வேண்டுமா மேடம் என்று கேட்டார். விழாவுக்காக இல்லை, ஜாய்சிக்குக் கல்லூரி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன். நிர்வாகக் குழுவில் வைத்துத்தான் செய்ய முடியும், வைக்கிறேன் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மாணவனாக இருந்தபோது என்னிடம் திட்டு வாங்கினால் இப்படித்தான் மேஜையைப் பார்ப்பார். இன்று திட்டு யாருக்கு என்று அவருக்கே குழப்பம்.

பிப்ரவரி 15, சனி

சாத்தான்குளம் போக வேண்டும். இவருக்குச் சளி.

பிப்ரவரி 18, செவ்வாய்

சளி நேற்றே சரியாகிவிட்டது. போகவில்லை.

பிப்ரவரி 22, சனி. விழா

இரண்டு மெஷின்களையும் பக்கம் பக்கமாக வைத்தேன். இரண்டிலும் 66. ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டு, எது முதலில் வருகிறது என்று பார்க்கச் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. இப்போதைய பிள்ளைகளுக்கு ஐம்பத்தேழு செகண்ட் காத்திருப்பதே வேடிக்கை. பழைய மாணவர்கள் அந்த இசை வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் மவுஸைத் திருப்பி உள்ளிருக்கும் உருண்டையைக் கழற்றித் தன் மகளிடம் காட்டினான்.

ஒன்பதாம் மெஷினுக்கு முன்னால் நான் எழுதிவைத்த அட்டை: "1997 டிசம்பரில் இதில் புதிய பிராசசர் பொருத்தியவர் ஜாய்சி ராணி, டெக்னீஷியன். அது காணாமல் போகவில்லை. பதிவு செய்யாமல் மெஷினை இடம் மாற்றியது நான். ஆவுடையம்மாள், லேப் பொறுப்பாசிரியை." பொன்னுலிங்கம் படித்துவிட்டு எடுக்கச் சொல்லவில்லை.

1999-ல் படித்த செண்பகவல்லி என்ற பெண் வந்தாள். டைப்பிங்கில் ரொம்ப மெதுவாக இருந்தவள். "மேடம், என்னை எப்பவும் ஒன்பதுலதான் உக்கார வைப்பீங்க. ராசியான மெஷின்னு சொல்லுவீங்க" என்றாள். அட்டையைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆமாம், மெதுவான பிள்ளைகளை எல்லாம் அதில்தான் உட்கார வைத்தேன். ஐந்து வருஷம்.

மார்ச் 1, சனி

இன்று போனேன். திருச்செந்தூர் பஸ்ஸில் போய் மாறி ஏறினேன். தேவசகாயத்தின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில். ஒரு ஆள் உட்கார்ந்தால் மற்றவர் வாசலில் நிற்க வேண்டிய அளவு. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆவுடையம்மாள், பாலிடெக்னிக் என்றதும் கையில் இருந்த மிக்சி மோட்டாரைக் கீழே வைத்தார்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திங்கள்கிழமை மாற்றியதில் தொடங்கி, புதன்கிழமை வாயைத் திறக்காததும், கடிதமும், அடுப்பும், எதையும் விடவில்லை. நடுவில் ஒரு கேள்வி கூட அவர் கேட்கவில்லை. முடித்ததும் கேட்டார்.

"இருபத்தேழு வருசம் கழிச்சு இப்ப எதுக்கு வந்தீங்க?"

"ஜாய்சிதான் அனுப்பினா."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உட்காரச் சொல்லி ஸ்டூலைக் காலால் தள்ளினார். போனில் படத்தைக் கேட்டார். பார்த்துவிட்டு, எந்த செட்டிங்கில் போட்டிருக்கிறாள் என்று கேட்டார். ஜம்பரை மாற்றவே இல்லை, பழைய பிராசசருக்கு இருந்த அதே செட்டிங், அதனால்தான் முகப்பில் 66 என்றே காட்டியது என்றேன்.

"அப்படித்தான் போடணும்" என்றார். "நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன். ஜம்பரத் தொட்டா சிலது கெட்டுப்போவும்னு."

மோட்டாரை மறுபடி எடுத்தார். ஒரு திருகை முடுக்கினார். அதையே கழற்றினார். மறுபடி முடுக்கினார். கடைத்தெருவில் அன்று பெட்டிகளை இறக்கியபோது பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரே ஒரு வாட்டி கேட்டேன் அவள. இல்லேன்னு சொன்னா. அதோட விட்டிருக்கணும்."

என்னிடம் சொல்லவில்லை. மோட்டாரைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு அவள் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். ஒரு மிக்சி அட்டைப்பெட்டியின் மேல் பெரிது பெரிதாக எழுதினார். சரிதானா என்று திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பார்த்துப் பார்த்துப் போனில் அழுத்தினார்.

மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. அங்கே இருக்க எனக்கு உரிமை இல்லை என்று எழுந்தேன். செருப்பை மாட்டும்போது பின்னால் அவர் குரல் கேட்டது.

"ஜாய்சி. அண்ணன் பேசுதேன்."

நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.